முதல் வெடிக்கு முன்னால்

உலர்ந்த காப்பிப் பழத்தைக் கடைவாயில் வைத்து, நுனியை மட்டும் நறுக்கென்று கடித்துத் துப்புகிறாள் துரேத்தி. அடுத்தது. அதற்கடுத்தது. முன்பற்கள் போன பிறகும் வேகம் குறையவில்லை. குஜி மலையில் இதற்குக் காப்பி அறுப்பது என்று பெயர். கிடாய் அறுப்பதைப்போல மரியாதையான வேலை. யாராவது சோம்பேறித்தனமாகப் பல்லுக்குப் பதில் கத்தியை எடுத்தால் துரேத்தியிடம் வசவு நிச்சயம்.

கடித்த பழங்களை வெண்ணெயில் பொரித்து, பால் ஊற்றித் தின்பதுதான் அவளுக்குக் காப்பி. வறுத்துப் பொடித்துக் குடிப்பதெல்லாம் பின்னால் வந்த நாகரிகம். "அரபுக்காரன் எங்க எத்தியோப்பியாவுலேருந்து கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போய்த் தண்ணியில கரைச்சான். அதுக்கு முன்னாடியே நாங்க மென்னு தின்னாச்சு!" என்பாள், கரையில் நின்று கப்பலைப் பார்த்தவள்போல.

காப்பிக்கு அண்டை வீட்டாரைக் கூப்பிட ஆள் அனுப்பமாட்டாள். வாசலில் நின்று கத்துவாள். மழை தொடங்கியதிலிருந்து எலேமா வீட்டுப் பக்கம் மட்டும் அந்தக் குரல் போகவில்லை. துரேத்தியின் வெள்ளாடு வேலி தாண்டி, எலேமாவின் காப்பி நாற்றுகளை மொட்டையடித்துவிட்டது. வருத்தம் சொல்லவேண்டிய இடத்தில் துரேத்தி சிரித்துத் தொலைத்தாள். "காப்பியைக் கண்டுபிடிச்சதே ஆடுதானாம். அது வேலைய அது பாத்திருக்கு." எலேமா அன்றோடு பேச்சை நிறுத்தினாள்.

இன்று காலை துரேத்தி அந்த வாசலுக்கே நடந்துபோய், "ஆடு தின்னது பாதி, என் வாய் தின்னது பாதி. வந்து உக்காருடி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எலேமா நிமிராமல் நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். அந்த மலை வழக்கத்தில், சட்டியில் முதல் பழம் வெடிக்கும் சத்தத்தை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டால் சண்டை தீர்ந்தது. பிந்தி வந்தால் பயனில்லை.

அண்டை வீட்டார் வட்டமாக உட்கார்ந்தாயிற்று. பழங்கள் வெண்ணெயில் விழுந்தாயிற்று. நுரை பொங்குகிறது.

"அத்தை, வெடிக்கப் போகுது!" என்கிறாள் மருமகள் தலாசோ.

"வெடிக்காது. சட்டிய எறக்கு!"

"கை சுடுதே!"

"துணியப் புடிச்சு எறக்குடி! ஆறிப்போச்சு, ஏத்து... ஐயோ, எறக்கு, எறக்கு!"

சுட்ட கைக்குத் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறாள் தலாசோ, மாமியாரை அறிந்தவள். துரேத்தியின் ஒரு கண் சட்டியில், ஒரு கண் வாசலில்.

"நீ கத்துற கத்துல மலையே எறங்கி வந்துரும். வெண்ணெயக் கருக்கித் தொலைக்காதே."

எலேமா! கால் சேற்றை வாசலில் தேய்த்துவிட்டு, துரேத்திக்கு எதிரே வந்து உட்காருகிறாள்.

சட்டி அடுப்பேறுகிறது. பட்! பிறகு படபடவென்று சட்டி முழுக்க வெடி. துரேத்தி துள்ளி எழுந்து கைதட்டுகிறாள்.

எலேமா சிரிக்கவில்லை. வழக்கப்படி, சூடு தணிந்த வெண்ணெயில் விரல் நனைத்துத் தன் நெற்றியில் தடவிக்கொள்கிறாள். துரேத்தியின் நெற்றியிலும் தடவுகிறாள். பிறகு வாசலுக்குப் போய், அங்கே கட்டியிருக்கும் வெள்ளாட்டை நன்றாக முறைத்துவிட்டு, விரலில் மிச்சமிருந்த வெண்ணெயை அதன் நெற்றியில் அழுத்தித் தேய்க்கிறாள்.