பதினோராம் நம்பர் கட்டில்

அன்றைக்கு அந்த நீள அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, ஆஸ்டலைப் பார்த்துக்கொண்ட டீச்சரம்மா, கரடியூரிலிருந்து வந்த ஒரு சிறுமி, அவளைக் கூட்டிவந்த அவள் அப்பா. ஏழாவதாக யாராவது இருந்து என் வாயைப் பொத்தியிருக்கலாம்.

எனக்கு ஒன்பது வயது. எஸ்டேட் துரையிடம் கணக்கெழுதும் ரைட்டர் சொல்ல, ரைட்டரிடம் அப்பா நாலு மாதம் நடையாய் நடந்து வாங்கிய பள்ளிக்கூட ஆஸ்டல் இடம் அது. அப்பாவுக்கு லீவு இல்லாததால் மாமாதான் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கேலி.

"ஆஸ்டல்ல மணி அடிச்சாத்தான் சோறு கண்ணு. நீ அடிக்காமயே திங்கறவளாச்சே, என்ன பண்ணுவே?"

எனக்கோ, மணி காதில் விழாமல் போனால் என்ன ஆவது, தட்டு தொலைந்தால் எதில் சாப்பிடுவது என்று ஊர்ப்பட்ட கவலை.

கதவைத் திறந்ததும் அத்தனை கவலையும் போய் பயம் வந்தது. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் மடித்த கம்பளி, தலைமாட்டுச் சுவரில் ஒரு நம்பர். பினாயில் வாசம்.

எஸ்டேட் கூலிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் கட்டிலே கிடையாது. ஒரே அறையில் எட்டுப் பேர் சாக்கு விரித்துத் தரையில் படுப்போம். கட்டில் இருந்தது எஸ்டேட் ஆஸ்பத்திரியில்தான்; அங்கும் நாலே நாலு, நம்பர் போட்டு. மலைக்காய்ச்சல் முற்றினவர்களைத்தான் அதில் கிடத்துவார்கள். "அவளுக்குக் கட்டில் குடுத்துட்டாங்களாம்" என்று சேதி வந்தால் லைனில் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். என் சின்னம்மா மூன்றாம் நம்பரில் படுத்தாள். திரும்பி வரவில்லை.

"இது உன் கட்டில் கண்ணு, பதினொண்ணு" என்றார் டீச்சரம்மா சிரித்துக்கொண்டே.

பன்னிரண்டு அந்தக் கரடியூர்ச் சிறுமிக்கு. ஏழு வயதிருக்கும். அவள் அப்பா கரியால் தரையில் எழுதிச் சொல்லிக்கொடுத்திருந்தாராம். சுவரிலிருந்த நம்பர்களை ஒன்றிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டே ஓடிவந்து, தன் கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

"அக்கா, தூக்கித் தூக்கிப் போடுதுங்க!"

நான் அவள் காதோடு சொன்னேன், இதில் படுத்தால் செத்துப்போவோம் என்று. குதிப்பது நின்றது. மெல்ல இறங்கிப் போய் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து மாமா தன் வித்தையைக் காட்டினார். பதினோராம் நம்பரில் நீட்டிப் படுத்து, நெஞ்சில் கை கோத்து, கண்ணை மூடி, "ஆகா, துரைக்குக்கூட இப்படி ஒரு கட்டில் இல்லீங்கோ" என்றார். சின்னம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான். வீறிட்டேன். என்னைப் பார்த்து அந்தச் சிறுமியும் வீறிட்டாள்.

"ஏனுங்க, இப்பத்தானுங்க நொம்ப சந்தோசமாக் குதிச்சா?" என்று டீச்சரம்மாவிடம் திகைத்தார் கரடியூர்க்காரர்.

"ஊட்டு நெனப்புங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று அம்மா கெஞ்சினாள். செத்துப்போன தங்கையின் பேச்சை எடுத்தால் அவள் அழுவாளே என்று நான் காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

ஒரு வாரம் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லி டீச்சரம்மா அனுப்பிவைத்தார். ஒரு வாரமும் நான் வீட்டுக் கதவுநிலையைப் பிடித்த பிடியை விடவில்லை. எட்டாம் நாள் காப்பிப் பழக் கூடை என் இடுப்புக்கு வந்தது. கரடியூர்ப் பெண்ணும் திரும்பவில்லை என்று மாமா கேட்டுவந்து சொன்னார்.

அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூட வேலியில் கம்பளிகள் காய்வதைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு நூலில் ஒரு நம்பர். எதற்கு என்று கேட்டேன். துவைத்தபின் ஆளுக்கு ஆள் மாறிப்போகாமல் இருக்கத்தான், கட்டிலுக்கும் அதே நம்பர் என்று சொல்லி ஒரு பெண் சிரித்தாள்.

எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துச் சந்தையில் அந்தக் கரடியூர்ப் பெண்ணைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள், மடியில் ஒரு பெண் குழந்தை. அவள்தான் என்னை அடையாளம் கண்டாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுனால பொழச்சனுங்க அக்கா. இவளை ஆஸ்டலுக்கு அனுப்புன்னு டீச்சருங்க வந்து கேட்டாங்க. எந்தலையே போனாலும் மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்."

காசு வாங்காமல் நாலு பழம் கொடுத்தாள். அந்த நம்பர் கம்பளி மாறாமல் இருக்கத்தான் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பொறுத்துச் சொன்னால் என்ன நினைப்பாளோ என்று அதற்கும் ஒரு பயம்.

ஒன்பது வயதில் அவள் காதில் நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அது அவள் மகள் வரைக்கும் போகும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.