தேசப்பன் குடித்த வெள்ளை மருந்து

பொன்னேரிக்கு மேற்கே நாலு காணி நெல் வைத்திருந்த தேசப்பன் யாரையும் லேசில் நம்பமாட்டார். உர மூட்டையைக் கடையிலேயே அவிழ்த்து முகர்ந்து பார்ப்பவர். 1973 ஆவணியில் அவருடைய நாய்க்குட்டி செவலை, தின்ற சோற்றை அப்படியே கக்கத் தொடங்கியதும், சந்தேகம் பக்கத்து வயல் அப்பாவு மேல் விழுந்தது.

"இன்னாத்த கலந்து வெச்ச?"

"உன் நாய்க்கு வெஷம் வெக்கிறதுதான் என் வேலையா நைனா?" என்றார் அப்பாவு. அன்றோடு பேச்சு நின்றது.

தேசப்பன் தானே சோறு பிசைந்து ஊட்டினார், அப்போதும் குட்டி கக்கியது. தான் அசந்த நேரத்தில் அப்பாவு வந்து எதையோ வைக்கிறான் என்று முடிவு செய்தார். குட்டியின் விலா எலும்பு தெரிந்ததும் கூடையில் வைத்து ரயிலேறிப் பட்டணத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் வீரராகவன் சுண்ணாம்பு போல ஒன்றைக் கரைத்தார். "இதைக் குடிச்சா எக்ஸ்ரேயில வயிறு வெள்ளையா தெரியும்."

"இரு சார்." தேசப்பன் விரலால் தொட்டு நக்கினார். பிறகு ஒரு மடக்கு குடித்து, கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து தன் வயிற்றைக் கவனித்தார்.

"உங்களையும் ஒரு படம் எடுத்துடலாமா?" என்றார் டாக்டர். தேசப்பன் மிச்ச மருந்தைக் குட்டியின் வாயருகே நீட்டினார்.

முதல் படத்தில் ஒன்றுமில்லை. குட்டியின் வயிற்றை லேசாக அமுக்கி இன்னொரு படம் எடுத்தார்கள். அதில் இரைப்பையின் மேல்பாகம் நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தசையில் உணவுக்குழாய் இறங்கும் ஓட்டை பிறவியிலேயே தளர்ந்திருக்கிறது, தைக்காவிட்டால் பிழைக்காது என்றார் டாக்டர்.

"நீ அமுக்கினதாலதானே சார் ஏறிக்கிச்சு?"

"நான் அமுக்கினது அரை நிமிஷம். அது குரைக்கிறப்பெல்லாம் தானே அமுக்கிக்குது."

அறுவை சிகிச்சையைக் கண்ணால் பார்த்தால்தான் சம்மதக் கையெழுத்து என்றார் தேசப்பன். கதவுக் கண்ணாடி வழியே பார்க்க விட்டார்கள். இரண்டு மணி நேரமும் டாக்டரின் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. இரைப்பையைக் கீழே இழுத்து, ஓட்டையைத் தைத்துச் சுருக்கி, மறுபடி ஏறாதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு பிணைத்ததாக டாக்டர் வெளியே வந்து சொன்னார். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாம் நாள் செவலை அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தது. தேசப்பன் ஒரு மணி நேரம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அப்பாவுவின் வரப்பில் போய் நின்றார். "பொறவிக் கோளாறாம். உன்மேல பழி போட்டது தப்புதான்."

அப்பாவு மடையை அடைத்துக்கொண்டே கேட்டார்: "டாக்டரையும் இப்டிதான் பேஜாரு பண்ணியா?"

"கொஞ்சம்."

தேசப்பன் வரப்பிலேயே உட்கார்ந்து எக்ஸ்ரே கதையை ஆரம்பித்தார். அப்பாவு நிமிரவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை.