கதம்பத்தில் கிடைத்த தோட்டம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மயிலாப்பூரில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் இருந்த துண்டு நிலத்தில் ரோஜா வைத்திருந்தேன். செடிகள் நன்றாகத்தான் பூத்தன. ஆனால் அடியில் வெறும் மண், பார்க்கச் சகிக்காது. இங்கிலீஷ் தோட்டப் புத்தகம் சொன்ன பூ விதைகளையெல்லாம் வரவழைத்து ரோஜாவுக்குத் துணையாகப் போட்டேன். மெட்ராஸ் வெயிலில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"காய் விக்கிற விலையில மண்ணைச் சும்மா போட்டு வைப்பாங்களா? ரோஜாவைப் பிடுங்கிட்டு நாளைக்கே அவரை விதை போடப்போறேன்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னால் செய்துவிடுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. கபாலி கோயில் பிராகாரத்தில் அவள் முன்னே போக, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவள் பின்னலில், அவளே கட்டிய கதம்பம். எங்கள் ரோஜாவைச் சுற்றிக் கனகாம்பரம், இடையிடையே பச்சையாக மரிக்கொழுந்து. இதைவிட ரோஜாவுக்கு வேறு என்ன துணை வேண்டும்? அப்படியே நின்றுவிட்டேன்.

"சாமி அங்க இருக்கு. என் தலையில என்னத்தைப் பாக்கறீங்க?"

"தோட்டத்தை" என்றேன்.

விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளே கனகாம்பரம், மரிக்கொழுந்து நாற்று வாங்கி வந்து இருவருமாக நட்டோம். அவரையை வேலியோரம் விதைத்து, அதன்மேல் ஏற்றிவிட்டாள்.

ரோஜாவுக்குப் பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று யாராவது கேட்டால், வெள்ளிக்கிழமை உங்கள் மனைவிக்குப் பின்னால் நடந்து பாருங்கள் என்கிறேன். தோட்டம் நிறைந்துவிட்ட பிறகும் நான் அப்படித்தான் நடக்கிறேன்.