மாட்டுக் கொட்டாயில் கட்டிய தோணி

தோணி கட்டுவதைப் பற்றி நான் படித்ததில் பாதியாவது நீச்சலைப் பற்றிப் படித்திருந்தால் என் மனைவி அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள். தோட்டத்துக் குளத்தில் மீனுக்குத் தீனி போட எனக்கு ஒரு மரத்தோணி வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் லாரி டியூபின்மேல் ஒரு பலகையைக் கட்டி அந்த வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நான் புத்தகம் படிக்கிறவன். எளிதாக முடிகிற வேலைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

மாட்டுக் கொட்டாயைக் காலி செய்தேன். இரண்டு பசுக்களும் தார்ப்பாய்க்கு அடியில் குடியேறின. மனைவி ஒரே ஒரு கெடு வைத்தாள்.

"மாட்டுப் பொங்கலுக்குள்ள என்னைய வெச்சுக் கொளத்தை ஒரு சுத்து சுத்திக் காட்டோணுமுங்க. இல்லீன்னா மாட்டைக் கொண்டாந்து கட்டிப்போடுவேன். தோணி அடுப்புக்குப் போயிரும்."

எங்கள் ஊர் ஆசாரி கதவும் கட்டிலும் செய்கிறவர். நான் வரைந்த படத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல மூலையே இல்லீங்களே. மூலையில்லாட்டி நான் எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?"

புத்தகத்தை வைத்து விளக்கினேன். அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேருமிடத்தைத் தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வளைந்த கட்டை ஒன்று இரண்டையும் பிடித்து நிற்க வேண்டும். நேர்ப்பலகையில் அறுத்தெடுத்தால் வளைவில் நார் அறுந்து ஒரே உதையில் முறிந்துவிடும். மரத்திலேயே வளைந்து வளர்ந்த கிளைதான் வேண்டும்.

"குத்த வெச்சவன் மொழங்காலாட்டமுங்க," என்றார் ஆசாரி. அன்றிலிருந்து அதற்கு முழங்கால் என்றே பெயர். எட்டு முழங்கால் வேண்டும்.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை. கிளையே இல்லாத மரம். எங்காவது ஒரு புளியோ வேம்போ தென்பட்டால் ஆசாரி பின்னாலிருந்து என் தோளைத் தட்டுவார், இருவரும் அண்ணாந்துகொண்டே பள்ளத்தில் இறங்குவோம். பத்தே நாளில் எனக்குக் கோணல் பித்துத் தலைக்கேறிவிட்டது. நேராக நின்ற எதுவும் அழகாகத் தெரியவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எதிர்வரிசைக்காரர் ரசத்துக்குக் கையை மடித்தபோது, அந்த முழங்கையை ஆசாரிக்குச் சாடை காட்டினேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளை கொடுத்த ஒரு தோட்டக்காரர் சொன்னார்: "நல்ல மரம் கேட்டு வாரவீங்க உண்டு. கோணக்கட்டை தேடி வந்த மகராசன் நீங்கதானுங்க. அப்படியே எங்க மச்சானையும் ஏத்திட்டுப் போங்க. அவனுக்கும் ஒடம்பு பூரா கோணல்தான்."

முதல் முழங்காலைப் பொருத்தும் நாளில் ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். வாசல் நிலை வைத்தால் அடியில் நவதானியம் வைத்துப் பூசை செய்ய வேண்டும். இதுவும் ஒரு நிலைதான் என்றார். தோணியின் அடிப்பலகையில் குழி தோண்டி, மஞ்சள் துணியில் தானியத்தை முடிந்து வைத்து, அதன்மேல் முழங்காலை இறக்கி ஆணி அடித்தார். சகுனம் பார்க்காதவன் என்று பேரெடுத்த நான்தான் தேங்காய் உடைத்தேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, பலகை ஊறட்டும் என்று தோணிக்குள் தண்ணீர் நிரப்பினோம். மூன்றாம் நாள் காலையில் அந்த முழங்கால் ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது. ஆணியெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தது. இடுக்கிலிருந்து பாசிப்பயறு முளைவிட்டு எட்டிப் பார்த்தது. ஊறி உப்பிய ஒரு பிடி தானியம், எட்டு மாத உழைப்பை நெம்பித் தள்ளியிருந்தது.

ஆசாரி வெகுநேரம் குனிந்து பார்த்தார். "வாச நெலவுக்கு வெச்சா மொளைக்காதுங்க."

"நெலவு தண்ணியில கெடக்காதுங்க, ஆசாரி."

"அதை நீங்க மின்னாடியே சொல்லியிருக்கோணுமுங்க."

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் சிரித்தோம். மனைவி தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, பசுக்களை நோக்கித் தலையாட்டினாள். குழியில் ஆப்பு அடித்து முழங்காலைத் திரும்பப் பொருத்தி முடிக்க இரண்டு பகல் பிடித்தது.

மாட்டுப் பொங்கலன்று கிழக்கிலிருந்து வந்த காற்று தென்னைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. மனைவி சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். கரையை விட்டதும் காற்று எங்களைத் தட்டாமாலை சுற்ற வைத்தது. பாதிக்குளம் தாண்டுவதற்குள் அந்த முழங்காலடியில் தண்ணீர் கசிந்து கணுக்கால் வரை வந்துவிட்டது. நான் துடுப்பைக் கரைப்பக்கம் திருப்பினேன்.

"எங்கீங்க திருப்பறீங்க? இன்னும் பாதி கெடக்குது."

"அம்மிணி, தண்ணி ஏறுது."

"ஏறுனா மோந்து ஊத்துங்க. துடுப்பை இங்க குடுங்க."

வாங்கிக்கொண்டாள். ஒரே பக்கம் போட்டதில் தோணி மூன்று முறை தன்னைத்தானே சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் சிரிப்பு ஒரு சுதி ஏறியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது; பக்கெட்டில் மொண்டதில் பாதி என்மேலேயே விழுந்தது. கரையில் ஆசாரி கூடவே ஓடிவந்தார். முழங்கால் அசையவில்லை. சுற்று முடிந்தது.

கெடுப்படி நான் ஜெயித்துவிட்டேன். அவளும் ஒப்புக்கொண்டாள். இறங்கிச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"ஒரு சுத்து ஆச்சுங்க, இல்லீங்கல. ஆனா தோணிக்கு எதுக்குங்க கொட்டாய்? காயக் காயத்தானே வாயைப் பொளக்குது? தண்ணியிலயே கெடந்தா ஊறி மூடிக்குமில்லீங்க?"

இதே சங்கதி என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. அவள் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை.

மதியத்துக்குள் கொம்புக்குச் சாயம் பூசிய பசுக்கள் கொட்டாய்க்குத் திரும்பிவிட்டன. நான் குளத்து நடுவில் உட்கார்ந்து ஒரு கையால் தண்ணீரை இறைத்தேன், மறுகையால் மீனுக்குத் தீனியை இறைத்தேன். பால் கறந்துவிட்டு இன்னொரு சுற்றுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.