சோலையப்பன் கையில் அரிக்கேன்

ஊர்த் திருவிழா நாடகத்தில் "மன்னா, படை வந்துவிட்டது" என்ற ஒரே ஒரு வசனத்தை மறந்து, மேடையின் பின்பக்கம் குதித்து ஓடிய ஆள் சோலையப்பன். தோஹா தொழில்பேட்டைக்குத் தச்சு வேலைக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்தக் கேலி அவனை விடவில்லை. மனைவி மாரியம்மாள் ஒவ்வொரு கடிதத்திலும், "படை வந்துருச்சா?" என்று கேட்டுவிடுவாள்.

1995-இல் அவனுக்கு மறுபடியும் வேஷம் வந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கூடாரத்தில் மேடை கட்டப் போன இடத்தில், பாரிஸிலிருந்து வந்திருந்த நடிகர் பாஸ்கால் வெர்திலே அவனை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடம் மேடையைக் கலக்கியவர். சினிமாவில் நாற்பது படம், நாற்பதிலும் போலீஸ்காரர். வேலைக்காரனாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். முதல் காட்சியில் விளக்கோடு வா, மேஜையில் வை, போ, வாயே திறக்காதே என்று சைகையிலேயே சொல்லிவிட்டார்.

"வாயத் தொறக்கக் கூடாதாம்டா! எனக்குன்னே எழுதுன வேஷம்!" என்று கூட வேலை செய்யும் விஜியின் முதுகில் ஒன்று வைத்தான் சோலையப்பன். "மேடையில நான் நிக்கிறப்ப ஒரு போட்டோ எடுத்துரு. மாரியம்மா வாய அடைக்கணும்."

"மொதல்ல நீ நிக்கணும்லண்ணே."

அன்று மாலை கூட்டம் நிறைந்தது. நாடகம் தொடங்குமுன் மூன்று முறை தட்டுவது அவர்கள் வழக்கமாம். வெர்திலே சோலையப்பனின் சுத்தியலையே வாங்கி, மேடையின் இரும்புக் காலில் போட்டார்: டங்! டங்! டங்!

திரை விலகியது. விளக்கெல்லாம் அணைந்தது.

தொழில்பேட்டையில் இரும்பில் மூன்று தட்டு விழுந்தால், வேலை முடிந்தது, ஜெனரேட்டரை நிறுத்து என்று அர்த்தம். கூடாரத்துக்குப் பின்னால் இருந்த ஆபரேட்டர் கௌஸ் முகம்மது, "கலாஸ், முடிஞ்சுது!" என்று நிறுத்தினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கேம்ப் பஸ்ஸும் ஏறிவிட்டார்.

எரிந்தது சோலையப்பன் கையிலிருந்த அரிக்கேன் ஒன்றுதான். இருட்டில் கூட்டம் சலசலத்தது. அவன் கால் தானாக மேடையின் பின்பக்கம் திரும்பியது.

"அண்ணே, ஓடிராதண்ணே!" கீழேயிருந்து விஜி.

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நடந்தான். வெர்திலே அசரவில்லை, வசனத்தைத் தொடங்கிவிட்டார். சோலையப்பன் விளக்கை மேஜையில் வைத்தான். அவர் ஜன்னல் பக்கம் போனார், முகம் இருட்டிவிட்டது. ஐயோ என்று விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அவர் கத்தினால் உயர்த்தினான், அழுதால் தாழ்த்தினான். ஒரு நிமிட வேஷம் ஒன்றரை மணி நேரம் ஓடியது! கை மரத்துப்போனது, மாற்றிப் பிடித்தான், இறக்கவில்லை.

கடைசியில் கைதட்டல் கூடாரத்தைப் பிய்த்தது. வெர்திலே அவன் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். விஜியின் ஃப்ளாஷ் வெட்டியது.

போட்டோவுக்கு மாரியம்மாளிடமிருந்து இரண்டே வரிப் பதில்:

"இந்த வாட்டி ஓடலையே நீங்க! யாரு புடிச்சு வச்சிருந்தா, அந்த வெள்ளைக்காரரா?"