துவைத்த தொட்டில் சேலை

முத்தையாபுரத்தில் என் வீட்டு முன்னறையில் குழந்தைகள் காப்பகம் தொடங்கியபோது, எட்டு மாதப் பெண் குழந்தை ஒருத்தியே முதலில் வந்தாள். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த அவள் தாய், தொட்டில் கட்டத் தன் பழைய சேலையைத் தந்திருந்தாள். நான் அதனைச் சோப்பு நீரில் இருமுறை அலசி, உலர்த்திக் கட்டினேன். இரண்டு நாள்களாகக் குழந்தை அதில் கண் மூடவே இல்லை.

மூன்றாம் நாள் காலை தாய் சொன்னாள்: "பெரியம்மா, இன்னைக்கும் உறங்கலன்னா நான் வேலைய விட்டுருதேன்."

சொல்லியபடியே தொட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "இதத் துவைச்சியளா?"

"சுத்தமா இருக்கட்டும்னு துவைச்சேன்ளா."

"நல்லா துவைச்சிய போங்க. என் வாடையவும்லா சேத்து அலசிட்டிய."

சிரித்துக்கொண்டே உள்ளறைக்குச் சென்றவள், இரவில் குழந்தையை அணைத்து உறங்கிய சேலையைக் களைந்து தந்துவிட்டு, என் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு பேருந்துக்கு விரைந்தாள்.

நண்பகலில் துறைமுகத்திலிருந்து கப்பலொன்றின் ஊதல் நெடுநேரம் மிதந்து வந்தது. துவைக்காமலே அந்தச் சேலையில் நான் கட்டிய தொட்டில் கடற்காற்றில் தானாகவே அசைந்தது. முந்தானை நுனியை வாயில் வைத்தபடி குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள். அம்மூச்சொலியைக் கேட்டவாறே, விழித்திருக்கின்றேனா என்று அறியாதவளாய், நானும் சுவரில் சாய்ந்தேன்.