பெருக்கல் குறி மேல் ஒரு வட்டம்

காயலான் கடையில் ஒரு பொருளின் மேல் சாக்பீஸால் குறி போடுவது, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரிதான் என்று நான் மனதார நம்பியிருந்தேன். ஐம்பதை நெருங்குகிற வயதில், ஒரகடத்துத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்துப் பார்த்து நான் சேர்த்த உலக ஞானம் அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பித்து. உலகப் போர்க் காலத்து டெலிபோன்களின் உதிரி உறுப்புகளைத் தேடிப் பிடித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துலக்கி, மறுபடி ஓட வைப்பது. படப்பை வீட்டில் கறுப்புப் போன் ஒன்று எல்லாம் சரியாகி, டயல் மட்டும் இல்லாமல் மூக்கறுந்து உட்கார்ந்திருந்தது. அதற்காகத்தான் தென் மாவட்டத்து அண்ணாச்சி ஒருவரின் காயலான் கடைக்கு வாரம் தவறாமல் போவேன்.

"செத்த போனுக்கு உசுரு குடுத்து யாருட்ட சார் பேசப் போறீய? ஒரு மிஸ்டு கால்கூட வராதே" என்பார்.

அன்று முதல் ஷிப்ட் முடிந்து நான் கடைக்குப் போனபோது அவர் டீ குடிக்கப் போயிருந்தார். வாசலில் ஒரு மரப்பெட்டி நிறையச் செம்புக் கம்பி. பெட்டியின் மேல் சாக்பீஸில் பெருக்கல் குறி. உள்ளே கைவிட்டுத் துழாவினேன். அடியில் பித்தளை டயல்! சுழற்றிவிட்டால் அவசரப்படாமல் சீராகத் திரும்பியது. அதன் ஜோடி உறுப்புகளும் உள்ளே இருக்கும் என்ற பேராசையில், அங்கே கிடந்த சாக்பீஸால் பெருக்கல் குறியின் மேலேயே பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். டயல் வட்டம் அல்லவா? கலையுணர்ச்சி.

கம்பெனிக் கழிவை அள்ளுவதற்கு அங்கே இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொள்வது எனக்குத் தெரியாது. ஒரு கோஷ்டியின் குறி பெருக்கல், இன்னொன்றின் குறி வட்டம். குறி மாறினால் சரக்கு கைமாறிவிட்டது என்று பொருள். டீக்கடைக்காரருக்குக்கூட இது தெரிந்திருந்தது.

நான் கடையின் பின்பக்கம் குடைந்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி திரும்பி வந்தார். அவர் பின்னாலேயே மூன்று பேர் இரும்புப் பைப்போடு வந்தார்கள்.

"இன்னாய்யா, எங்க மார்க் மேலயே வட்டம் போட்டுகினு கீற? அவனுங்களுக்கு வித்துட்டியா?"

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே..."

முதல் அடி அண்ணாச்சியின் முதுகில் விழுந்தது. ஈரச் சாக்கை உதறுவது போன்ற சத்தம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நான் கதவில்லாத ஒரு பழைய பிரிட்ஜுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். என் தொப்பை அதற்குள் எப்படி நுழைந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை. 'வட்டம் போட்டது நான்தான்' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அடி நிற்கும். நானோ காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இரண்டாவது அடி முழங்காலில். மூன்றாவதைத் தடுக்கக் கையை உயர்த்தினார். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு அண்ணாச்சி கத்தவில்லை, குழந்தை மாதிரி முனகினார். உதட்டில் விழுந்த அடியில் ரத்தம் தரைக் கிரீஸில் சொட்டியது.

போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. சட்டைப் பையில் செல்போன் இருந்தது. நானோ, கையிலிருந்த டயலில் விரலை விட்டு நூறு போட்டேன். ஒயரும் இல்லை, போனும் இல்லை, வெறும் டயல். ஒன்று சட்டென்று திரும்பிவிட்டது. பூஜ்யம்தான் ரொம்ப தூரம் போய்த் திரும்பும். கிர்ர்ர்ர் என்று கடை முழுக்கக் கேட்டது.

"இன்னாடா சத்தம் அது?"

அடுத்த நிமிடம் நான் தரையில் கிடந்தேன். தோளில் ஒரு அடி, விலாவில் இரண்டு உதை. டயலைத் தூக்கிக் காட்டி, "வட்டம் நான் போட்டது, இதுக்குத்தான்" என்று அழுதேன். மார்க் பற்றிக் கேட்டவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கா? லூசாய்யா நீ?" என்றவன், அதைத் தரையில் அடித்து நொறுக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு போய்விட்டான்.

"சார்தான் குறுக்க விழுந்து என்னைக் காப்பாத்துனாவ" என்று அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. நடந்தது இதுதான்: அவருடைய மணிக்கட்டு மூன்றாவது அடியில் முறிந்தது. ஆறாவது அடிக்குப் பிறகும் நான் பிரிட்ஜுக்குள்தான் இருந்தேன். காலைப் பிடித்து இழுத்துத்தான் என்னை வெளியே போட்டார்கள்.